சுபா குறட்டை விடுகிறாள் என்று எழுதியிருந்தாய்

மகனே,

சுகம் விசாரிப்பதையெல்லாம் பிறகு வைத்துக்கொள்வோம். உன் கடிதம் வந்து ஐந்து நாளாகிறது. ஐந்து நாளும் பதில் எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். கொப்பித் தாளுக்கு இங்கே எவ்வளவு தட்டுப்பாடு என்று உனக்குத் தெரியும். இந்தத் தாளைக் கிழிக்கமாட்டேன். மூன்று பக்கம் எழுதியிருந்தாய். கந்தோரில் வேலை கூடிவிட்டது, கொழும்பில் அரிசி இங்கத்தைப் போல இல்லை, சுபாவுக்கு ஆறு மாதம் முடிந்து ஏழு நடக்கிறது என்று எல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசிப் பக்கத்தில் பகிடியாக நாலு வரி. சுபா இரண்டு கிழமையாகக் குறட்டை விடுகிறாள் அம்மா, எங்கள் தோட்டத்துத் தண்ணீர் இறைக்கிற மிசின் தோற்றுப்போகும், நான் பாயைத் தூக்கிக்கொண்டு ஹோலுக்குப் போய்விட்டேன், ஒரு நாள் டேப் ரெக்கோடரில் பிடித்துப் போட்டுக் காட்டினேன், வெட்கத்தில் அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை. அதற்கு அடுத்த வரியில், வழியெல்லாம் ஆமி, பொலிஸ் செக்கிங் கரைச்சல் என்பதால் இந்த மாதம் கிளினிக்குக்குப் போகவில்லை, அவளும் தனக்கு ஒன்றுமில்லை என்கிறாள், முகம் மட்டும் கொஞ்சம் ஊதி வடிவாக இருக்கிறாள் என்று முடித்திருந்தாய். அப்பா வாசித்துவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. குறட்டையையும், ஊதின முகத்தையும், போகாத கிளினிக்கையும் ஒரே பக்கத்தில் எழுதிவிட்டு நீ எப்படிச் சிரித்தாய் என்றுதான் யோசித்தேன். பிறகு, உனக்கு எப்படித் தெரியும், நான்தானே உனக்குச் சொல்லாமல் விட்டேன் என்று என்மேலேயே கோபம் வந்தது.

ஆகவே முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்கிறேன். சுபாவைக் கூட்டிக்கொண்டு போய் பிரெஷர் பார். அடுத்த மாதம் அல்ல, அடுத்த கிழமையும் அல்ல. போகிற இடத்தில் நீ வாய் திறந்து, இவள் முந்திக் குறட்டை விடுகிறவள் இல்லை, இப்போது இரண்டு கிழமையாக விடுகிறாள் என்று சொல்லு. அவள் சொல்லமாட்டாள். நீ டேப்பில் பிடித்துப் போட்டுக் காட்டின பிறகு செத்தாலும் சொல்லமாட்டாள். இதை மட்டும் எழுதி அனுப்பினால், அம்மா ஊரிலிருந்து சும்மா வெருட்டுகிறா என்று நீ கடிதத்தை மடித்து வைப்பாய். உன் குணம் எனக்குத் தெரியும். அதனால் மிச்சத்தையும் எழுதுகிறேன். எழுதுவதற்கு எனக்கு விருப்பமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நீ சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது அப்பாவின் குறட்டை. புகையிலைக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தாரென்றால் ஒழுங்கையில் போகிறவன் சைக்கிளை நிறுத்திக் கேட்பான். ஊருக்குள் அது ஒரு பெருமை. உழைக்கிற மனிசன் என்று சொல்வார்கள். அவரும் அதைச் சொல்லித் தன்னைத்தானே பகிடி பண்ணுவார். அதே சத்தம் ஒரு பெண்ணின் தொண்டையிலிருந்து வந்தால் மட்டும் அது குடும்ப இரகசியம். உன் அக்கா வசந்திக்குச் சம்பந்தம் பேசிய நாட்களில் அவளுடைய சாதகக் குறிப்பைக் கேட்டார்கள், படிப்பைக் கேட்டார்கள், சமையலைக் கேட்டார்கள். குறட்டை விடுவாளா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன். அவளும் அப்போது விடுகிறவள் அல்ல. ஆனாலும் அப்படி ஒரு கேள்வியே என் பிள்ளைக்கு இழுக்கு என்று நினைத்திருப்பேன். நான் அப்படிப்பட்ட மனுசிதான். சங்கக்கடையில் அத்தனை வருடம் அரிசியும் சீனியும் நிறுத்துக் கொடுத்தவள் நான். வரிசையில் நிற்கிற சனம் யாருடைய வீட்டுக் கதையை எப்படி உரித்து எடுக்கும் என்று என் காதால் கேட்டவள். எங்கள் வீட்டுக் கதை அந்த வரிசைக்குப் போகக் கூடாது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு பிடிவாதம் இருந்தது.

தொண்ணூற்றொன்றில் வசந்தி முதல் பிள்ளையோடு இருந்தபோது நீ கொழும்புக்குப் போய் இரண்டு வருடமாகியிருந்தது. உனக்கு நான் எழுதினது ஒரே ஒரு கடிதம்தான். அக்காவுக்குப் பிரெஷர் கூடிவிட்டது, பிள்ளை தங்கவில்லை, பொருளாதாரத் தடையால் மருந்து ஒன்றும் இல்லாத காலம், என்ன செய்வது, கடவுள் விட்ட வழி என்று எழுதினேன். நீயும் அழுது பதில் போட்டாய். மகனே, அந்தக் கடிதத்தில் பாதி பொய். அந்த நாட்களில் எதை வேண்டுமானாலும் தடையின் தலையில் போட்டுவிடலாம், யாரும் மறுத்துக் கேட்கமாட்டார்கள். நானும் போட்டேன். ஆனால் அன்றைக்கு வசந்திக்கு வேண்டிய மருந்து ஆஸ்பத்திரியில் இருந்தது. டொக்டர் இருந்தார். நேர்ஸ்மார் ஓடி ஓடிப் பார்த்தார்கள். இல்லாமல் போனது நாங்கள் நேரத்துக்குச் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வார்த்தை. அதை மறைத்தவள் நான்.

நடந்ததைச் சொல்கிறேன். ஆறாம் மாதம் தொடங்கியபோது வசந்தி மத்தியானம் படுத்தால் குறட்டை விடத் தொடங்கினாள். முதலில் எல்லோரும் சிரித்தோம். "மண்ணெண்ணெய் இல்லாமலே மிசின் ஓடுது" என்று அப்பா சொல்ல, வசந்தியின் புருஷன் குகனும் சிரித்தான். அவளும் சிரித்தாள். அது அப்படியே பகிடியாக இருந்திருந்தால்கூட நல்லது, பகிடியாகவேனும் யாரிடமாவது சொல்லியிருப்போம். ஆனால் அந்த மாதம்தான் குகனின் தாயும் தகப்பனும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சண்டையால் தெல்லிப்பழையில் தங்கள் வீட்டை விட்டு ஓடி, பள்ளிக்கூடத்தில் அகதியாகத் தங்கி, சொந்தக்காரர் வீடு இரண்டு மாறி, கடைசியாக மகன் இருக்கிற வீடு என்று எங்களிடம் வந்திருந்தார்கள். முன் அறையை அவர்களுக்குக் கொடுத்தோம். நானும் குகனின் தாயும் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனுசி, மெதுவாகக் கதைக்கிறவ. நான் அவவை வெளியே மரியாதையாக வரவேற்றுவிட்டு, உள்ளே வசந்தியிடம் போய், "இனி நீ கவனமாப் படு" என்று சொன்னேன். நித்திரையில் ஒருத்தி எப்படிக் கவனமாக இருப்பது என்று நான் யோசிக்கவில்லை.

வசந்தியின் பாயை முன் அறைச் சுவரோரத்திலிருந்து எடுத்து, குசினிப் பக்கத்து அறையில் போட்டேன். குகனையும் விறாந்தையில் படுக்கச் சொன்னேன். அவனும், அவளுக்கு இடம் காணட்டும் என்று போய்விட்டான். அவள் கண்ணயர்ந்து முதல் சத்தம் வந்தவுடன் நான் ஓடிப்போய்த் தோளில் தட்டுவேன். "எழும்படி, மாமி விறாந்தையிலை இருக்கிறா" என்பேன். "கொஞ்சம் படுக்க விடுங்கோ அம்மா, தலை இடிக்குது" என்பாள். அந்தத் தலையிடியைக்கூட நான் வெயிலின் கணக்கில் எழுதினேன். இன்னும் ஒன்று செய்தேன், எழுதக் கை கூசுகிறது. கரண்ட் இல்லாததால் சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் நாங்கள் றேடியோ கேட்டோம், அந்தச் சைக்கிளைக் குகன் எங்கள் முற்றத்தில் கவிழ்த்து வைத்திருந்தான். வசந்தி மத்தியானம் படுத்ததும் நான் அப்பாவுக்குச் சைகை காட்டுவேன். அவர் பெடலைக் கையால் சுற்றத் தொடங்குவார். செய்தி நேரமும் இல்லை, பாட்டு நேரமும் இல்லை. ஏதோ ஒரு பாஷையில் ஏதோ ஒன்று போகும். "ஏனப்பா இந்த வெயிலுக்குள்ளை றேடியோ?" என்று குகனின் தகப்பன் ஒரு நாள் கேட்டபோது, "சும்மா, உலகம் என்னமாதிரிப் போகுது எண்டு அறிவம்" என்று உன் அப்பா வியர்வையைத் துடைத்தார். அந்த முகத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது.

இதற்கிடையில் வசந்தியின் முகம் பூரித்துக்கொண்டு வந்தது. கால் செருப்புக்குள் போகவில்லை. பார்க்க வந்த பெண்கள் எல்லோரும், "தாய்மை வடிவு ஏறியிருக்கு" என்று கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. தடைக் காலத்திலும் பிள்ளைத்தாய்ச்சிக்குச் சாப்பாடு குறை வைக்கவில்லை என்று ஊர் சொல்லட்டும் என்று நினைத்தேன். நீ சுபாவின் முகம் ஊதி வடிவாக இருக்கிறது என்று எழுதியிருந்த வரியை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று இப்போது உனக்கு விளங்கும்.

பிறகு மிட்வைஃப் வந்தா. அவ குகனின் தாய்க்குச் சித்தி முறையில் தங்கச்சி. அவவும் இடம்பெயர்ந்து வந்து எங்கள் பக்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தா. சைக்கிளில் வீடு வீடாகப் போவா. பிரெஷர் பார்க்கிற கருவி கிளினிக்கில் மட்டும்தான் இருந்தது. கிளினிக்கோ தூரம், வாகனம் இல்லை. யாரை வருகிற கிளினிக்குக்குக் கட்டாயம் கூட்டிப்போக வேண்டும், யார் அடுத்ததுக்கு வரலாம் என்று அவ கேள்வி கேட்டுத்தான் முடிவெடுப்பா. விறாந்தையில் எல்லோரும் இருந்தோம். வசந்தி எனக்குப் பக்கத்தில், மச்சாள் எதிரே.

"தலையிடி இருக்கே பிள்ளை?" என்று கேட்டா.

"வெயிலுக்கு இடைக்கிடை வரும்" என்று நான் சொன்னேன்.

"கால் வீங்கியிருக்குப்போலை."

"முதல் பிள்ளையெல்லே. எல்லாருக்கும் வாறதுதானே."

"நித்திரை எப்பிடி? படுக்கேக்கை மூச்சு முட்டுறது, குறட்டை கிறட்டை ஏதும்?"

வசந்தி வாயைத் திறந்தாள். நான் சேலைத் தலைப்புக்குள்ளால் அவளுடைய கையில் கிள்ளினேன். நன்றாக, நகம் பதியக் கிள்ளினேன். "ஐயோ, அவள் பூனைக்குட்டி மாதிரிப் படுப்பாள், இருக்கிற இடமே தெரியாது" என்று சொன்னேன். மிட்வைஃப் வசந்தியைப் பார்த்தா. வசந்தி என்னைப் பார்த்தாள். பிறகு, "ஓம் அன்ரி, நல்ல நித்திரை" என்றாள். "அப்ப நீங்கள் அடுத்த முறைக்கு வாங்கோ, இந்த முறை ஏலாத ஆக்கள் கனபேர் இருக்கினம்" என்று எழுதிக்கொண்டு போய்விட்டா. அந்த மனுசியில் ஒரு பிழையும் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டா. நான்தான் என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து, கிளினிக்கில் என் மகளுக்கு இருந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தேன்.

ஆறாம் நாள் காலை, வசந்தி குசினியில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "அம்மா, கண்ணுக்கு முன்னாலை மினுக்கு மினுக்கெண்டு ஏதோ பறக்குது" என்றாள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் துருவலையில் தட்டுப்பட்டுச் சரிந்தாள். வலிப்பு. அந்த உடம்பு அப்படி உதறுவதைத் தாய் பார்க்கக் கூடாது. மச்சாள்தான் ஓடி வந்து அவளைப் பக்கவாட்டில் புரட்டி, தலையை மடியில் ஏந்தினா. குகன் மண்ணெண்ணெயில் ஓடுகிற வாடகைக் கார் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அந்தக் கார் இரண்டு தரம் நின்றது. ஒவ்வொரு தரமும் குகன் இறங்கித் தள்ளினான். நான் வசந்தியின் காலைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். சாமியிடம்கூடக் குறட்டையைச் சொல்லவில்லை.

ஊசி போட்டு வலிப்பு நின்ற பிறகு டொக்டர் வெளியே வந்தார். இளம் ஆள், கண் சிவந்திருந்தது. பிரெஷர் மிகவும் கூடிவிட்டது, பிள்ளையை உடனே எடுக்க வேண்டும், தாயைக் காப்பாற்றத்தான் முதலில் பார்ப்போம் என்றார். பிறகு என்னைக் கேட்டார். "இவ்வளவு கூடுறதுக்கு முதல் உடம்பு ஏதும் காட்டியிருக்கும் அம்மா. தலையிடி இருந்ததோ? முந்தி இல்லாத குறட்டை இருந்ததோ?"

"குறட்டையோ?" என்று கேட்டேன். உள்ளே என் பிள்ளை கிடக்கிறாள், மகனே, நான் அந்த நேரத்திலும் மச்சாள் பக்கத்தில் நிற்கிறா என்று திரும்பிப் பார்த்தேன்.

"ஓம். உடம்பிலை நீர் பிடிக்கேக்கை மூக்கும் தொண்டையும் உள்ளுக்கை வீங்கும். குறட்டையாலைதான் பிரெஷர் வந்தது எண்டு நான் சொல்லேல்லை. பிள்ளைத்தாய்ச்சியாய் இருக்கேக்கை குறட்டை விடுற எல்லாருக்கும் பிரெஷர் வாறதும் இல்லை. ஆனால் புதுசா வந்தால் அண்டைக்கே பிரெஷரைப் பாத்திருக்க வேணும். அதுதான் கேக்கிறன்."

"இருந்தது. ஒண்டரை மாசமா இருந்தது" என்று சொன்னேன். சொல்லிவிட்டு மச்சாளின் முகத்தைப் பார்க்க முடியாமல் நிலத்தைப் பார்த்தேன். அவ என் கையைப் பிடித்தா. "எனக்கு வந்த முதல் கிழமையிலேயே தெரியும் மச்சாள்" என்றா. "றேடியோ ஏன் பாடினது எண்டும் தெரியும். அண்டைக்கு மிட்வைஃப் கேக்கேக்கை எனக்கு வாய் வரைக்கும் வந்தது. உங்கடை வீட்டிலை வந்து இருந்துகொண்டு, உங்கடை மகள் குறட்டை விடுறாள் எண்டு நான் எந்த வாயாலை சொல்லுறது? உங்களுக்கு வெக்கமாப் போயிடும் எண்டு கேளாத மாதிரி இருந்திட்டன்." சொல்லிவிட்டு அவ அந்த இடத்திலேயே குந்தி இருந்து அழுதா. நானும் இருந்தேன். ஒரு பெண்ணின் தொண்டைச் சத்தத்தை இரண்டு தாய்மார் இரண்டு அறையில் இருந்து கேட்டிருக்கிறோம். ஒருத்தி மரியாதைக்காக மறைத்தாள், மற்றவள் மரியாதைக்காகக் கேளாமல் இருந்தாள். அவ்வளவு மரியாதையான வீடு எங்களுடையது.

வசந்தி பிழைத்தாள். பிள்ளை பெண். அடுத்த நாள் மத்தியானம் வரை இருந்தது. மச்சாள்தான் கையில் வைத்திருந்தா, எனக்குத் துணிவு வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு வசந்தி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையில் நான் கிள்ளின அடையாளம் கறுத்து, மஞ்சளாகி, மறைகிற வரைக்கும் அவளுக்குச் சோறு போட்டுக் கொடுத்தது நான்தான். அவள் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்க ஒரு வருடம் பிடித்தது. கேட்டபோது, "நானும் வாய் திறந்திருக்கலாம் அம்மா" என்று மட்டும் சொன்னாள். அதை அவள் தன்மேலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டது எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. அவள் மேல் ஒரு துளியும் பிழை இல்லை என்பதை இதில் எழுதி வைக்கிறேன்.

இனி உனக்கு. நீ நல்ல பிள்ளைதான், ஆனால் சிரித்து விஷயத்தைக் கடத்துகிற குணம் அப்பாவிடமிருந்து வந்திருக்கிறது. அந்த டேப்பை அழி. அழித்துவிட்டு, பகிடி பண்ணினது என் பிழை என்று சுபாவிடம் வாய் திறந்து சொல்லு. ஹோலிலிருந்து பாயை எடுத்துக்கொண்டு போய் அவளுக்குப் பக்கத்தில் போடு. உன் நித்திரை கெட்டால் கெடட்டும், நீயொன்றும் பிள்ளை சுமக்கவில்லை. அவளை இடப்பக்கம் சரிந்து படுக்கச் சொல்லு, வசந்திக்கு டொக்டர் அப்படித்தான் சொன்னார். மூச்சு நின்று நின்று வருகிறதா என்று கேள். தலையிடிக்கிறதா, கண் மங்குகிறதா, மேல் வயிறு நோகிறதா என்று நாளுக்கு ஒரு தரமாவது கேள். அவள் இல்லை என்று சொன்னால் முகத்தைப் பார்த்துக் கேள். செக்கிங் கரைச்சல் எனக்கு விளங்காமல் இல்லை. அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் கையில் எடுத்துக்கொண்டு வெள்ளெனவே வெளிக்கிடு. இரண்டு மணித்தியாலம் றோட்டில் மறித்து வைத்தால் நின்றுவிட்டுப் போ. மறித்து வைத்தவனிடமும் மனிசிக்குப் பிரெஷர் பார்க்கப் போகிறோம் என்று சொல்லு. வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை என்று டொக்டர் சொல்லி அனுப்பினால் எனக்கு எழுது, அம்மா உன்னை வீணாக அலைத்தா என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரி. அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்துகொள்வேன்.

இதை எழுதலாமா என்று இன்று காலை வசந்தியிடம் கேட்டேன். அவளுடைய கதையைக் கேளாமல் எழுதும் உரிமை எனக்கு இல்லை. "எல்லாத்தையும் எழுதுங்கோ. கிள்ளினதையும் எழுதுங்கோ" என்றாள். யாரிடம் கொடுத்து அனுப்புவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவள் உள்ளே போய் ஒரு துண்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பாஸ், யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போவதற்கான அனுமதி. உன் கடிதம் வந்த அடுத்த நாளே போய் விண்ணப்பித்திருக்கிறாள், எனக்குச் சொல்லவில்லை. குகன் கிளாலிப் படகுத்துறை வரை கூட்டிக்கொண்டு போய் விடுகிறானாம், அங்கிருந்து கொழும்புக்குப் போகிற ஒரு குடும்பத்தோடு படகு ஏறுகிறாளாம். "நீ ஏன் பிள்ளை, கடிதம் போதாதே?" என்று கேட்டேன். கடல் வழியை நினைத்துத்தான் கேட்டேன். அவள் உடுப்பை மடித்துக்கொண்டே சொன்னாள்: "கடிதத்தைத் தம்பி மடிச்சு வைச்சிடுவான் அம்மா. என்னை மடிச்சு வைக்கேலாது."

ஆகவே இதை நீ வாசிக்கும்போது உன் அக்கா உன் முன்னால் நிற்பாள். அவளுக்கு ஒரு தேத்தண்ணி கொடு. அவள் குடித்து முடிப்பதற்குள் சுபாவைச் சேலை மாற்றச் சொல்லு.

அம்மா